திருப்பிக் கேட்டால் முகஞ்சுளிக்காதீர்!

இணையவழி அங்காடியில் துணியும் அத்தரும் விற்கும் இளைஞர்கள் இன்று நம்மில் பலர். வாங்குபவரோ பொருளைக் கண்ணால் காண்பதில்லை. படத்தையும் விற்பவரின் சொல்லையும் நம்பியே பணம் செலுத்துகின்றார்.

மறைத்த குறை வெளிப்படின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பது ஃபிக்ஹுச் சட்டம். குறையுள்ள பொருளையும் விளம்பரத்திற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற மறுக்கலாகாதென 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் கூறுகின்றன.

குறையேதுமின்றி, மனம் மாறி வருபவருக்காக வியாபாரத்தை முறித்துக் கொடுப்பது ‘இகாலா’ எனப்படும். முன்னரே வாக்களித்திராவிடில் அது கடமையன்று. ஆயினும், அவ்வாறு செய்பவரின் பிழையை அல்லாஹ் பொறுத்தருள்வான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியுள்ளதை அபூதாவூத் நூலில் காண்கிறோம்.

‘வாங்கியவரே பொய்யுரைத்தால்?’ என வினவுவீர்கள். கடனை எழுதி வைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது (2:282). பொருளைக் கட்டும்போதே படமெடுத்து வையுங்கள். வழக்கு வந்தால் சான்றைக் காட்டுங்கள், ஏசாதீர்கள். உண்மை உங்கள் பக்கமிருப்பின் உரிமையைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால், ‘அலைந்து சலித்து விட்டுவிடுவார்’ என்றெண்ணித் தரவேண்டிய தொகையை இழுத்தடிக்காதீர்கள். வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநீதியென நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். அப்பணம் உங்கள் கணக்கில் கிடந்தாலும் பிறர் உடைமையே. அதில் வாங்கிய உணவைத்தான் உங்கள் பிள்ளைகள் உண்கின்றனர்.

அல்லாஹ் நம் வாணிபத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.