செட்டு அன்லாக், ஆளு லாக்

வெளிநாட்டுக்குக் கிளம்பற யாருக்கும் நம்ம ஊர்ல ஒரே அட்வைஸ்தான். "அன்லாக் செட்டா பாத்து எடுத்துக்க. ஏர்போர்ட்ல இறங்கின உடனே அந்த ஊர் சிம் ஒண்ணு வாங்கிப் போடு. அவ்ளோதான்."

எனக்குக் கோவம் அந்த "அவ்ளோதான்" மேல.

வேப்பூர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில போறப்போ, விருத்தாசலத்துலேர்ந்து சேலத்துக்குப் போற ரோடு குறுக்க வெட்டுமே, அந்த இடம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊரு. பக்கத்துல விருத்தாசலத்துல பீங்கான் வேலை. ஆடும் பீங்கானும் போக மிச்சப் பேரு சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத்துன்னு போய்க்கிட்டே இருக்காங்க. எங்க தெருவுல மட்டும் எண்ணினா ரெண்டு கையும் பத்தாது. ரோமிங் பத்தி எழுதறவங்க கண்ணுக்கு இவங்க யாரும் தெரியறதே இல்ல. எல்லா கட்டுரையும் ஏழு நாள் தாய்லாந்து டூர் போறவருக்காகவே எழுதினது. விக்கற பேக்கும் பெரும்பாலும் ஒரு நாள், பத்து நாள், முப்பது நாள் கணக்குதான். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல கம்பி கட்டப் போறவரு அந்தக் கணக்குல எங்க வர்றாரு?

முதல்ல செட்டு கதைய முடிச்சிடலாம். அது சின்னக் கதை.

அமெரிக்கா மாதிரி நாடுகள்ல கம்பெனியே செட்டைப் பாதி விலைக்குக் குடுத்துட்டு, வேற சிம் போட முடியாதபடி பூட்டி வச்சிடுவாங்க. சொந்தக்காரங்க அங்கேர்ந்து கொண்டுவந்த ஐஃபோனை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் பர்மா பஜாருக்கும் தூக்கிட்டு அலைஞ்ச கதை உங்க வீட்டுலயும் இருக்கும். நம்ம ஊர்ல செட்டுக்கு முழு விலை குடுத்து வாங்கினதால பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்ல. விதிவிலக்கு உண்டு. 2003-ல ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபா முன்பணத்துக்குக் குடுத்த சிடிஎம்ஏ செட்டுல சிம் போட இடமே கிடையாது. 2017-ல வந்த ஜியோஃபோன்ல ஜியோ சிம் தவிர எதுவும் ஏறாது. ரெண்டுமே ஏழைங்களைக் குறி வச்சு வித்த செட்டுங்கிறதை மட்டும் சொல்லிட்டு நகர்றேன்.

வெளிநாட்டுலயும் பூட்டு ஒவ்வொண்ணா கழண்டுகிட்டுதான் வருது. கனடாவுல 2017 டிசம்பர்லேர்ந்து பூட்டின செட்டு விக்கக் கூடாது. இங்கிலாந்துல 2021 டிசம்பர்லேர்ந்து. அமெரிக்காவுல செட்டைத் திறக்கறது குத்தமாங்கிற அளவுக்குப் போயி, கடைசியில 2014-ல சட்டம் போட்டு அனுமதிச்சாங்க. அதனால அன்லாக்குங்கிறது பாதி ஜெயிச்ச சண்டை.

ஆனா அன்லாக்குன்னா என்ன அர்த்தம்? எந்தக் கம்பெனி சிம்மையும் செட்டு வேணாம்னு சொல்லாதுங்கிற அர்த்தம் மட்டும்தான். அந்த ஊர்ல சிக்னல் எடுக்கும்னு அர்த்தம் இல்ல. 2017 ஏப்ரல்ல சிங்கப்பூர்ல மூணு கம்பெனியும் 2ஜியை மூடினாங்க. நம்மாளுங்க இங்கேர்ந்து கொண்டு போன பட்டன் நோக்கியா எல்லாம் சுத்தமான அன்லாக் செட்டு. மறுநாள் அதுல டார்ச் மட்டும் எரிஞ்சுது. 4ஜி செட்டா இருந்தாலும் அந்த ஊர் அலைவரிசை செட்டுல இருக்கணும், 4ஜி வழியா பேசற வசதி அந்தக் கம்பெனியோட ஒத்துப்போகணும். கடைக்காரர் இதெல்லாம் சொல்ல மாட்டாரு.

இதெல்லாம்கூட பரவால்ல. ஆயிரமோ ரெண்டாயிரமோ போட்டா வேற செட்டு வாங்கிடலாம். பெரிய பூட்டு செட்டுல இல்ல, நம்பர்ல இருக்கு.

2009 ஆகஸ்ட்லேர்ந்து இணையத்துல கார்டு போட்டு வாங்கணும்னா ரெண்டாவதா ஒரு அடையாளச் சோதனை வேணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கினாங்க. நல்ல விஷயம்தான். அந்தச் சோதனை இன்ன மாதிரிதான் இருக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லல. எஸ்எம்எஸ்ல ஆறு நம்பர் அனுப்பறதுங்கிற சுலபமான வழிய வங்கிங்களே பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஆதார், வருமான வரி, பி.எஃப்., கேஸ் புக்கிங் வரைக்கும் எல்லாம் அந்த ஒரே வழியில. இப்ப ஒரு மனுஷனோட காசு, பேரு, அடையாளம் எல்லாம் +91-ல ஆரம்பிக்கற ஒரு நம்பர்ல தொங்குது. அவரு இருக்கறதோ +65-ல.

அந்த நம்பரை உயிரோட வச்சிருக்க என்ன செலவு? 2005-06 வாக்குல 999 ரூபா கட்டினா "லைஃப்டைம்"னு வித்தாங்க ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுல அந்த அட்டைய இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க. 2018 கடைசியில அந்த லைஃப் முடிஞ்சுபோச்சு. இன்கமிங் வரணும்னாகூட 28 நாளைக்கு 35 ரூபா போடணும்னாங்க. அது படிப்படியா ஏறி, 2024 ஜூலையில ஏர்டெல் 28 நாள் ஆரம்ப பேக்கையே 179-லேர்ந்து 199 ஆக்கினாங்க. 28 நாள்னா வருஷத்துக்கு 13 தடவை. (மாசம்னா 30 நாள்னு யாருய்யா இவங்களுக்குச் சொல்லித் தரலை?) 13 தடவை 199-னா 2,587 ரூபா. ஒரு கால் பேசல, ஒரு எம்பி டேட்டா எடுக்கல. சும்மா ஆறு நம்பர் வந்து விழறதுக்கு வாடகை.

பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கு தனியா குடுங்க, 365 நாள் வரைக்கும் குடுக்கலாம்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டாங்க. கம்பெனிங்க குடுத்தாங்க. விலையைப் பாத்தா டேட்டாவைக் கழிச்ச மாதிரியே இல்ல. இத்தனைக்கும் இதே டிராய் 2013-ல ஒரு விதி வச்சிருக்காங்க: 90 நாள் உபயோகிக்காத பிரீபெய்டு நம்பர்ல 20 ரூபா பேலன்ஸ் இருந்தா வெட்டக் கூடாது, 20 ரூபா கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் வச்சிருக்கணும். மாசம் 20 ரூபாய்க்கு ஒரு நம்பரைக் காப்பாத்தலாம்னு அவங்களே ஒத்துக்கிட்ட கணக்கு இது. ஆனா நம்பர் சாகாம இருக்கறது வேற, ஓடிபி வர்றது வேற. பேக்கு தீந்தா இன்கமிங் நின்னுடும். பூட்டு இருக்கு, சாவி இருக்கு, கதவுதான் சுவராயிடுச்சு.

ரீசார்ஜ் பண்ண மறந்தா? 90 நாள் கழிச்சு நம்பரை வேற ஆளுக்குக் குடுக்கலாம். 2023-ல உச்ச நீதிமன்றத்துல இந்த வழக்கு வந்தப்போ டிராய் சொன்ன பதிலும் இதுதான்: வெட்டின நம்பரைக் குறைஞ்சது 90 நாள் வேற யாருக்கும் தர்றதில்ல. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல 90 நாள்ங்கிறது எந்த மூலைக்கு? உங்க வங்கி ஓடிபி முன்பின் தெரியாத ஒருத்தரு பாக்கெட்டுல போய் விழும். அவரு பாவம், அவருக்கும் தொல்லைதான்.

இப்ப நடைமுறையில என்ன நடக்குதுன்னு பாருங்க. நிறையப் பேரு இந்தியா சிம்மை வீட்டுலயே விட்டுட்டுப் போறாங்க. அம்மா செட்டுல ரெண்டாவது சிம்மா அது கிடக்கும். எங்க தெரு அண்ணன் ஒருத்தரு சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்காரு. நமக்கும் அங்கைக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். அவரு காலையில ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னா இங்க விடியக்காலம் மூணு மணி. "அம்மா, மெசேஜ் வந்திருக்கும் பாரு. ஆறு நம்பர். படி." அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். "இன்னொண்ணு வரும் பாரும்மா." மூணு தடவை தப்பானா வங்கி அன்னைக்குக் கணக்கை முடக்கிடும். எந்த வங்கின்னு சொல்ல விரும்பல, எல்லாரும் ஒரே லட்சணம்தான்.

இதே வங்கி டிவியில என்ன சொல்லுது? "ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள், உங்கள் குடும்பத்தாரிடம்கூட." சரிங்க சார். அப்ப மூணு மணிக்கு எழுந்திரிச்ச அந்த அம்மா யாரு?

இதுதான் என்னோட குற்றச்சாட்டு. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். வெளிநாட்டுல புள்ளையை வச்சிருக்கற ஆயிரக்கணக்கான அம்மாக்களுக்கு, ஃபோன்ல ஒரு குரல் கேட்டா ஆறு நம்பரைப் படிச்சுக் காட்டணும்னு இந்த ஏற்பாடே வருஷக்கணக்கா டிரெயினிங் குடுத்து வச்சிருக்கு. அப்புறம் ஒரு நாள் "பேங்க்லேர்ந்து பேசறோம்"னு ஒரு குரல் கேக்கும். அவங்க படிப்பாங்க. பழகின வேலைதானே. காசு போனப்புறம் "வாடிக்கையாளரின் கவனக்குறைவு"ன்னு ஒரு லெட்டர் வரும்.

எங்க கிளாஸ்ல ஒரு நண்பன் சொன்னான்: "டேய், டூயல் சிம் இருக்கு, இ-சிம் வந்துடுச்சு, நீ இன்னும் எந்தக் காலத்துல இருக்க?" டூயல் சிம் நல்லதுதான். அந்த ஊர் சிம் ஒண்ணு, நம்ம சிம் ஒண்ணு, வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவா ரோமிங்ல காசு இல்ல. ஆனா ரோமிங்கை ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன் பண்ணியிருக்கணும், 28 நாள் வாடகை தப்பாம போகணும், செட்டு தொலையாம இருக்கணும். சாரத்து மேல நின்னு வேலை பாக்கறவரு செட்டு எத்தனை நாள் உடையாம இருக்கும்னு நினைக்கறீங்க? சிம் போச்சுன்னா மாத்தறதுக்கு ஆளே ஊருக்கு வரணும். டிக்கெட் காசு யாரு தருவா, இ-சிம்மா?

2025 நவம்பர் 28-ல தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவு போட்டாங்க. வாட்ஸப், டெலிகிராம், சிக்னல் மாதிரி செயலி எல்லாம் எந்த நம்பர்ல பதிவு பண்ணினதோ அந்த சிம் எப்பவும் அதே செட்டுக்குள்ள இருந்தாத்தான் வேலை செய்யணும்னு. காரணம்: வெளிநாட்டுலேர்ந்து நடக்கற மோசடி. காரணம் உண்மைதான். கம்போடியாவுலயும் மியான்மர்லயும் மோசடி முகாம் நடத்தறவங்க நம்ம மக்களைக் கசக்கிப் பிழியறாங்க, நம்ம பசங்களையே ஏமாத்திக் கூட்டிட்டுப் போய் அந்த வேலையில உட்கார வைக்கறாங்க. ஆனா 2024-ல விசாரணையில வெளிய வந்தது என்ன? இந்திய சிம்முங்களை மொத்தமா கடத்திட்டுப் போய் அங்க ரோமிங்ல ஓட்டினாங்கன்னு. அப்படின்னா திருடன்கிட்ட சிம் செட்டுக்குள்ளயே இருக்கு! இந்த விதியில அவன் ஜம்முனு பாஸ் ஆயிடுவான். ஃபெயிலாகறது யாரு? சிம்மை அம்மாகிட்ட விட்டுட்டு, அந்த ஊர் சிம் போட்ட செட்டுல பழைய நம்பர் வாட்ஸப்பை வச்சு ராத்திரி புள்ளை முகத்தைப் பாக்கறவரு.

வேற வழி இல்லையான்னு கேட்டா, இருக்கு. என்ஆர்ஐ கணக்கு வச்சிருக்கறவங்களுக்குச் சில வங்கிங்க வெளிநாட்டு நம்பரை ஏத்துக்கறாங்க. சிங்கப்பூர், எமிரேட்ஸ், சவூதி, கத்தார், ஓமன்னு பத்து நாட்டு நம்பர்ல யூபிஐ ஓட்டலாம்னு 2023 ஜனவரியில அனுமதி வந்துது. அந்த முதல் பட்டியல்ல மலேசியாவும் குவைத்தும் பஹ்ரைனும் இல்லங்கிறதைக் கவனிச்சுக்குங்க. அதுவும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குக்கு மட்டும். ஊர்ல நூறு நாள் வேலைக்காகத் தொறந்த சேமிப்புக் கணக்கோட போனவருக்கு, அதை மாத்தணும்னு ஒரு சட்டம் இருக்கறதே தெரியாது. கவுன்ட்டர்ல யாரும் சொல்லவும் இல்ல. 2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி புது விதி வெளியிட்டாங்க, 2026 ஏப்ரல் 1 அமல் தேதி: எஸ்எம்எஸ் ஓடிபி ஒண்ணுதான் வழின்னு இல்ல, கைரேகை, செயலின்னு வேற சோதனையும் வைக்கலாம். "வைக்கலாம்"தான். ஓடிபியை வங்கிங்க விடணும்னு அதுல இல்ல.

2022-ல வெளிநாட்டுலேர்ந்து இந்தியாவுக்கு வந்த காசு 11,100 கோடி டாலர்னு உலக வங்கிக் கணக்கு. உலகத்துலயே முதலிடம்னு பெருமையா செய்தி போட்டோம். அந்தக் காசை அனுப்பறவரு தன் கணக்கைத் தானே தொறக்கறதுக்கு அம்மாவை எழுப்ப வேண்டியிருக்கு. பணம் அனுப்பற நாட்டு நம்பர் எதுவா இருந்தாலும் வங்கி அதைப் பதிவு பண்ணிக்கணும். சேமிப்புக் கணக்கோட வர்றவரை கவுன்ட்டர்லயே என்ஆர்ஓவுக்கு மாத்தி விடணும். 2013-லயே ஒத்துக்கிட்ட அந்த 20 ரூபாய்க்கு எஸ்எம்எஸ் மட்டும் வர்ற மாதிரி டிராய் ஒரு வரி சேக்கணும். இதுக்கெல்லாம் புதுசா ஒரு டவர்கூட நட வேணாம்.

அது வர்ற வரைக்கும், இந்த வருஷம் கிளம்பற நம்ம பசங்களுக்கு: சிம்மை வீட்டுல விட்டுட்டுப் போகாதீங்க. ரோமிங்கை ஊர்லயே ஆன் பண்ணி, வருஷ பேக்கா போட்டுக்கங்க. விருத்தாசலம் கிளையிலயே என்ஆர்ஓ ஃபாரம் கேளுங்க. இல்லைன்னு சொன்னா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க, ஃபாரம் வந்துடும்.