கச்சேரி வாசலில் "இயர் பிளக்" கொடுத்தால் என்ன?

கச்சேரி என்றால் சென்னைக்காரர்களுக்கு உயிர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் டிக்கெட் போட்டு நடத்தினாலும் கூட்டம். தெருமுனை அம்மன் கோவிலில் ஆடித் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி வைத்தாலும் கூட்டம். பாட்டு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. சொன்னால் அடிக்க வருவார்கள்!

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் என்று டிக்கெட் விற்கிறார்கள். வாசலில் பையைக் குடைந்து பார்க்கிறார்கள். கையில் பட்டை கட்டுகிறார்கள். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக் கொள்கிறார்கள். எல்லாம் சரி. அதோடு அதாக ஆளுக்கு ஒரு ஜோடி இயர் பிளக் கையில் கொடுத்தால் என்ன?

பெரிய சாமான் ஒன்றும் இல்லை. சுண்டு விரல் நுனி அளவுக்கு மெத்தென்று ஒரு நுரைக் கட்டை. காதுக்குள் சொருகிக் கொள்வது. ஒரு ஜோடியின் விலை ஏறக்குறைய ஒரு டீ, ஒரு வடை காசு. அவ்வளவுதான்!

"காலையில சரியாப் போயிடும்"

கச்சேரி முடிந்து கடைசி மின்சார ரயிலில் திரும்புகிறவர்களைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டே கத்திக் கத்திப் பேசுவார்கள். இவர் சொல்வது அவருக்கு விழாது. காது இரண்டும் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துப் படுத்தால் "ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரம். கேட்டால், "காலையில சரியாப் போயிடும், விடுப்பா" என்பார்கள்.

பெரும்பாலும் சரியாகத்தான் போகிறது. வம்பே அதில்தான் இருக்கிறது.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம். பிறக்கும்போது கிடைத்ததுதான், செத்தால் மறுபடி முளைக்காது. தலைமுடி கொட்டினாலாவது 'விக்' வைத்துக் கொள்ளலாம். இதற்கு அதுவும் கிடையாது.

பெரும் சத்தம் அடிக்கும்போது இந்த செல்கள் மிதிபட்ட புல் மாதிரி சாய்ந்து போகின்றன. ஓய்வு கொடுத்தால் பல எழுந்து கொள்ளும். அடுத்த வாரம் மறுபடி மிதி, அதற்கடுத்த வாரம் மறுபடி மிதி என்றால் எழுந்திருக்காது. வலி இருக்காது, ரத்தம் வராது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை.

முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ச, த, க என்ற எழுத்துக்கள் மழுங்கும். சட்டை, தட்டை, கட்டை மூன்றும் ஒன்று போலக் கேட்கும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று புரியாது. கடையில் நிற்கிறவர் "என்னங்க? என்ன கேட்டீங்க?" என்று மூன்று தடவை கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆபீசில் மேலதிகாரி சொன்னது ஒன்று, இவர் டைப் அடித்தது ஒன்று என்றால் மெமோதான். தாத்தாவுக்கு வர வேண்டிய காது மந்தம் முப்பத்தைந்து வயதுப் பேரனுக்கு வந்தால் சும்மாவா?

2024-ல் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தன் காது கேட்கும் சக்தி பாதிக்கப்பட்டதை அவரே அறிவித்தார். அவருக்கு வந்தது வைரஸ் தாக்குதலால், சத்தத்தால் அல்ல. ஆனாலும் அந்த அறிவிப்பிலேயே, பெரிய சத்தத்தில் பாட்டு கேட்பதும் ஹெட்போன் மாட்டுவதும் ஜாக்கிரதை என்று ரசிகர்களையும் இளைய கலைஞர்களையும் எச்சரித்தார். பாட்டே பிழைப்பாக இருக்கிறவர் சொல்வது. கேட்டுக் கொள்ளலாம் அல்லவா?

கால் மணி நேரக் கணக்கு

கணக்குப் பார்ப்போம். சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையம் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94-க்கு ஒரு மணி. 97-க்கு அரை மணி. 100 டெசிபல் என்றால் வெறும் கால் மணி நேரம்!

பெரிய கச்சேரிகளில் 100 டெசிபல் சர்வ சாதாரணம். முதல் இரண்டு மூன்று பாட்டிலேயே ஒரு நாள் 'கோட்டா' தீர்ந்தது. மிச்சம் இரண்டே முக்கால் மணி நேரமும் காதுக்கு அடிதான்.

இயர் பிளக்கை ஒழுங்காகப் போட்டால் 15, 20 டெசிபல் குறையும். 100 என்பது 80, 85-க்கு இறங்கும். மூன்று மணி நேரமும் நிம்மதியாகக் கேட்கலாம்.

சும்மா சொல்லவில்லை. ஆலந்து நாட்டு டாக்டர்கள் 2015-ல் ஆம்ஸ்டர்டாம் இசை விழா ஒன்றுக்கு 51 பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதிப் பேருக்கு இயர் பிளக், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். முடிந்ததும் சோதித்தார்கள். வெறும் காதுகளில் 100-க்கு 42 காதுகளில் கேட்கும் சக்தி தற்காலிகமாகக் குறைந்திருந்தது. பிளக் போட்ட காதுகளில் 100-க்கு 8 தான்!

எதிர்வீட்டுக்குச் சட்டம், உள்ளே இருப்பவனுக்கு?

நம் ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலிபெருக்கி வைத்த இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது.

எல்லையில்! அங்கேதான் சூட்சுமம். சட்டம் மைதானத்து மதில் சுவரில் நின்று அளக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவர் தூக்கம் கெடாமல் இருக்க அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் மதிலுக்கு உள்ளே, பெட்டி பெட்டியாய் அடுக்கிய ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்கிறவன் காதுக்கு என்ன அளவு? அதைப் பற்றி அந்த விதியில் பேச்சே இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எப்போதோ வரம்பு வைத்தார்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழில் நோய்ப் பட்டியலிலும் சேர்த்தார்கள். கச்சேரி மைதானம் மட்டும் விதிவிலக்கா?

சுவிட்சர்லாந்தில் 93 டெசிபலுக்கு மேல் போகும் கச்சேரி என்றால் நடத்துகிறவர் வந்தவர்களுக்கு இலவசமாகக் காது அடைப்பான் கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரசபை 2014-ல் பாட்டு நடக்கும் மதுக்கடைகளுக்கு இப்படி ஒரு விதி போட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் ஒரு வரைமுறை வெளியிட்டது. கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, கருவி வைத்து அளக்க வேண்டும், காது அடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், சற்று ஒதுங்கி நிற்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது அது.

அனுமதி கேட்டு போலீசில் மனுக் கொடுக்கும்போதே தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பார்க்கிங் என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்க்க எத்தனை நாள் ஆகும்?

டிக்கெட் வாங்காதவர்கள்

டிக்கெட் வாங்கியவராவது ஆசைப்பட்டு வந்தவர். வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். எழுந்து போக முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

மேடைக்கு முன்னால் தடுப்புக் கட்டையை ஒட்டி நிற்கும் போலீஸ்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? முகம் கூட்டத்தைப் பார்த்து, முதுகு ஸ்பீக்கரைப் பார்த்து. பாட்டை ரசிக்கக்கூட வழியில்லை. மதியமே வந்தவர் கூட்டம் கலைகிற வரை நகர முடியாது. இன்றைக்கு மைதானம், நாளைக்கு அரசியல் கூட்டம், மறுநாள் பிள்ளையார் ஊர்வலம். அந்தப் பெண் போலீசுக்கு ஒரு ஜோடி இயர் பிளக் யார் கொடுத்தார்கள்?

மைக் செட் பையன்கள் கதை இன்னும் மோசம். ஆடியில் கூழ் ஊற்றும் விழா, மார்கழியில் விடியற்காலை, தையில் பொங்கல் விழா, பங்குனியில் தேர். நடுவில் கல்யாணம், காதுகுத்து. ராத்திரி முழுக்க ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே படுக்கை. அவனைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "செவிட்டுப் பயலே" என்று திட்டுவார்கள். உண்மையிலேயே செவிடாகிக் கொண்டிருக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. ஜெனரேட்டர் ஆள், பாதுகாப்புக்கு நிற்கிற முரட்டு ஆசாமிகள், சுண்டல் கூடைக்கார அம்மா எல்லாருக்கும் இதே கதிதான்.

தோளில் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொண்டு ஸ்பீக்கர் முன்னால் ஆடுகிற அப்பாக்களைப் பற்றி என்ன சொல்வது? குழந்தை அழுதால் "தூக்கம் வருது அதுக்கு" என்கிறார்கள். காது வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியலே சார்! சின்னக் குழந்தையின் காதில் பிளக் சொருகக் கூடாது. தலைக்கு மேல் மாட்டி இரண்டு காதையும் மூடும் 'இயர் மஃப்' குழந்தை அளவிலேயே கிடைக்கிறது. இல்லையா, வீட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

போடுவதிலும் ஒரு பக்குவம்

அவர்கள் கொடுக்கிற வரை நாம் காத்திருக்க வேண்டாம். பாரிமுனைப் பக்கம் ஹெல்மெட், கையுறை, கம்பூட்ஸ் விற்கும் கடைகளில் கேளுங்கள், தருவார்கள். சில மருந்துக் கடைகளிலும் உண்டு.

சும்மா காது வாசலில் ஒட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை. கையைக் கழுவிக் கொண்டு, பிளக்கை விரலால் உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள். இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு வந்து காதை மேலே, பின்னால் இழுங்கள். உள்ளே தள்ளி அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அது விரிந்து அடைத்துக் கொள்ளும். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்டால் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம்.

மருந்துப் பஞ்சைத் திணித்துக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். காதை மூடிய திருப்திதான் மிச்சம், சத்தம் அப்படியே உள்ளே போகும். காதில் சீழ் வடிகிறவர்கள் எதையும் சொருகாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

"பாட்டு கேட்காதே அப்புறம்?" என்பார் சிலர். கேட்கும். நுரை பிளக்கில் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். இசைக் கலைஞர்கள் போடும் வடிகட்டி வைத்த பிளக் தனியாக இருக்கிறது. அதில் தபேலா, வயலின், குரல் எல்லாம் ஒரே அளவில் குறைந்து சுத்தமாக விழும். விலை கூடுதல். ஆனால் பலமுறை பயன்படுத்தலாம். மாசத்துக்கு இரண்டு கச்சேரி போகிறவருக்கு அது நஷ்டமில்லை.

ஸ்பீக்கர் பக்கத்தில் இடம் பிடிக்க முண்டியடிப்பதையும் விடுங்கள். தள்ளி நின்றால் சத்தமும் குறையும், மூச்சும் விடலாம். நடுவில் பத்து நிமிஷம் வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மறுநாளும் ரீங்காரம் நிற்கவில்லை, காது அடைப்பு விலகவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. முதல் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் திரும்பக் கேட்க வாய்ப்பு அதிகம். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக் கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.