பழைய கைக்கடிகாரத்துக்கும் பில் கேளுங்கள்

மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கையில் அள்ளிய மாத்திரத்தில் கண்டுபிடித்து விடுகிறவர்கள் நாம். பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வண்டியிலிருந்து இறக்க மாட்டோம். வெல்லமானாலும் எண்ணெயானாலும் மாதிரி பாராமல் விலை பேசுவது நம் வழக்கமில்லை. அப்படிப்பட்ட நாமே, நமக்கென்று ஆசையாக ஒரு பொருள் வாங்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்து விடுகிறோம். நம் வணிக நண்பர்களிடையே அண்மைக் காலமாகக் காணப்படும் பழைய கைக்கடிகார ஆசையைப் பற்றித்தான் சொல்கிறோம்.

செல்போனில் மணி தெரியும்போது பழைய வாட்ச் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆசையில் குற்றமில்லை. கல்லாவில் உட்கார்ந்த நம் தந்தையர் பலரின் கையில் சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்று இருந்தது. கடை திறந்து சாம்பிராணி போட்டதும் வாட்சுக்குச் சாவி கொடுப்பது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம். அந்த வாட்ச் கஷ்ட காலத்தில் கைமாறியிருக்கும், அல்லது எங்கோ தொலைந்திருக்கும். இன்று தொழில் ஓரளவு நிலைத்தபின் அதுபோல் ஒன்றை வாங்கிக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதானே?

ஆனால் இலட்ச ரூபாய் போட்டு வாங்குகிறவருக்கு விவரம் தெரிந்த ஆள் துணை இருக்கும். ஐயாயிரம் ரூபாய்க்குள் முதல் வாட்ச் வாங்க நினைக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறோம்.

நாம் பட்ட பாடு

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. அடிபட்டே சொல்கிறோம். வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம், செல்போனில் வந்த படத்தை மட்டும் பார்த்து, நான்காயிரம் ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கினோம். பளபளவென்று நீல நிற டயல். அதில் புகழ்பெற்ற சுவிஸ் கம்பெனியின் பெயர். அறுபது வருடப் பழமை என்றார்கள். பில் கேட்டதற்கு, "பழைய சாமானுக்கு ஏதுங்க பில்?" என்று பதில் வந்தது. பதினோராம் நாள் வாட்ச் நின்று போயிற்று.

நம் ஊரில் நாற்பது வருடமாக வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டு போனோம். பின்மூடியைத் திறந்தவர், கண்ணாடியைக் கண்ணில் மாட்டிச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க வாங்கினது ஒரு வாட்ச் இல்ல, மூணு வாட்ச்" என்றார். கேஸ் ஒரு வாட்சினுடையது. உள்ளே ஓடிய மெஷின் எச்.எம்.டி.யினுடையது. டயல் வேறொன்றிலிருந்து எடுத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்தது. மெஷினில் பொருந்துவதற்காக டயலின் அடியில் உள்ள கால்களை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

பணம் போனது கூடப் பெரிதில்லை. இப்படி ஒட்டுப் போட்ட வாட்சுகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். இந்தியாவின் தலைசிறந்த வணிக நகரத்தின் பெயர் உலகச் சந்தையில் போலிச் சரக்குக்கு அடைமொழியாகி விட்டது. சிலர் செய்த காரியத்துக்கு ஊரே பெயர் கெட்டு நிற்கிறது. வணிகர்களாகிய நமக்கு இதைவிட வேறு தலைகுனிவு வேண்டுமா?

தவறு எங்கே இருக்கிறது?

டயலுக்குப் பெயின்ட் அடிப்பதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. மங்கிப் போன டயலைப் புதுப்பிப்பது ஒரு கைத்தொழில். தந்தையின் வாட்சை அப்படிப் புதுப்பித்துக் கட்டிக்கொள்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. பழுதான சக்கரத்தை மாற்றுவதும், உடைந்த கண்ணாடியை மாற்றுவதும் நியாயமே. மாற்றியதைச் சொல்லி விற்றால் அது வியாபாரம். மறைத்து விற்றால் அது கலப்படம். பழைய அரிசியைப் பழைய அரிசி என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்கிறோம், வாடிக்கையாளரும் விரும்பி வாங்குகிறார். புது அரிசியைப் பழையது என்று சொல்லி விற்றால் சோறு குழைந்த அன்றே நம் சாயம் வெளுத்து விடும்.

முதல் வாட்ச் எது?

குறைந்த பணத்தில் முதல் வாட்ச் வாங்குகிறவருக்கு நாம் சிபாரிசு செய்வது எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் பெங்களூரில் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை அது. முதல் வாட்சுகளைப் பிரதமர் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று அது தந்த சாவி வாட்சுகள் பல்லாயிரம் வீடுகளில் முதல் வாட்சாக அமைந்தன. 1984-ல் டாடாவும் நம் தமிழ்நாட்டு டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் குவார்ட்ஸ் வாட்சுகள் தயாரான பின் எச்.எம்.டி.யின் சந்தை சரிந்தது. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஏராளமாகத் தயாரானதால் இவை இன்னும் கிடைக்கின்றன. எளிமையான மெஷின் என்பதால் பழைய ரிப்பேர்க்காரர் எவருக்கும் கைவந்த வேலை. வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டுமென்றால் ஜப்பானின் சீக்கோ 5 வகையைப் பார்க்கலாம். சாவி கொடுக்க வேண்டாம். கை அசைவிலேயே ஓடும். இவற்றிலும் ஒட்டுப் போட்டவை உண்டு என்பதால் சோதித்தே வாங்க வேண்டும்.

சோதிக்க வேண்டியவை

ஒன்று: டயலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கம்பெனி அடித்த எழுத்து கூர்மையாக இருக்கும். கையால் புதுப்பித்ததில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காது. ஐம்பது வருட வாட்சில் டயல் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் மின்னினால் சந்தேகப்படுங்கள். லேசாக மஞ்சள் பாய்ந்த டயல் குறையல்ல, அதுவே அதன் வயதுக்குச் சாட்சி.

இரண்டு: பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷினில் உள்ள பெயரும் டயலில் உள்ள பெயரும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். சுவிஸ் கம்பெனிகள் பல வேறு தொழிற்சாலைகளிடம் மெஷின் வாங்கிப் பொருத்தியதும் உண்டு. ஆகவே பெயர் வேறானால் உடனே போலி என்று முடிவு கட்டாமல் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்று: சாவி கொடுத்து ஒருநாள் முழுதும் ஓடவிட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு நிமிடம் முன்பின்னாகப் போனால் பழைய வாட்சுக்கு அது பெரிய குறையல்ல. அரை நாளில் நின்றால் செலவு காத்திருக்கிறது.

நான்கு: பட்டை கோர்க்கும் மூலைகளில் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்ததை மீட்பது கடினம். கண்ணாடியில் உள்ள கீறலுக்கு அஞ்ச வேண்டாம்; பிளாஸ்டிக் கண்ணாடியாதலால் தேய்த்தால் போய்விடும், மாற்றினாலும் செலவு குறைவு.

ஐந்து: பையிலுள்ள பணம் முழுவதையும் வாட்சுக்கே கொடுத்து விடாதீர்கள். நான்கில் ஒரு பங்கை சர்வீசுக்கு ஒதுக்குங்கள். எண்ணெய் உலர்ந்த மெஷினை ஓட்டினால் சக்கரம் தேய்ந்து போகும். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் பழைய வாட்சைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

பில் இல்லை என்பது சாக்கு

இந்த ஐந்தையும்விட முக்கியமானது பில். பழைய சாமானுக்கு பில் கிடையாது என்பது வணிகர் வாயில் வரக்கூடாத சொல். 2017 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. விதிகளில், பழைய பொருள் வாங்கி விற்பவர், உள்ளீட்டு வரி வரவு எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பொருளின் தரத்தையோ மாடலையோ பொய்யாகச் சொல்லி விற்பதும் அப்படியே. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதில் சேரும். நாம் அன்று பில்லை வற்புறுத்திக் கேட்டிருந்தால், ஒன்று சரக்கு மாறியிருக்கும், அல்லது நம் பணம் தப்பியிருக்கும்.

அதே ரிப்பேர்க்காரப் பெரியவரிடமே பிறகு ஒரு ஜனதா வாங்கினோம். விலை ஆயிரத்து எண்ணூறு. டயல் மங்கல், ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு கறை. கேட்காமலே அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: "கண்ணாடியும் சாவித் திருகும் புதுசு. மத்ததெல்லாம் கம்பெனியில் வந்தது. ஆறு மாசத்துக்குள் நின்றால் என் பொறுப்பு." ஆறு மாதம் தாண்டிப் பல மாதம் ஆகிறது, இன்றும் ஓடுகிறது. ஐந்து பேருக்காவது அவர் கடையைக் காட்டியிருக்கிறோம்.

சிறிய கடை, பெரிய போர்டு கிடையாது. ஆனாலும் நாற்பது வருடமாக அவர் பிழைப்பது அந்தத் தாளில் இருக்கும் நாணயத்தால்தான். வாங்கப் போகும் இடத்தில் அந்த நாணயத்தை நாம் கேட்டுப் பெற வேண்டும். நம் கடைக்கு வருகிறவருக்கு அவர் கேட்காமலே அதைக் கொடுக்க வேண்டும்.