அம்புக்குறிக்கு லைட் அடிங்க பாஸ்!

ஆர்கானிக் நோட்டைத் திறந்தா ஒரே அம்புமயம்! எலெக்ட்ரான் இங்கிருந்து கிளம்புது, இந்த குரூப் கழண்டுக்குதுன்னு செமஸ்டருக்கு முந்தின ராத்திரி உருப்போடுறோம். ஹாலை விட்டு வெளியே வந்ததும் சுத்தமா மறந்துடறோம். பின்னே, அந்த அம்பு தப்பாப் போனா என்ன ஆகும்னு கண்ணால பார்த்திருந்தாத்தானே?

நியூ இயர் ஆட்டத்துல கையில மாட்டிக்கிற க்ளோ ஸ்டிக் தெரியும்ல? அதை வளைச்சா உள்ளே இருக்கிற கண்ணாடிக் குப்பி உடைஞ்சு, ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஆக்ஸலேட் எஸ்டரும் கலக்கும். பெராக்ஸைடு போய் கார்பனைலைத் தாக்கும். ஃபீனால் கழண்டு ஓடும். நம்ம எஸ்டர் ஹைட்ராலிசிஸ்ல வர்ற அதே அம்புதான்! அடுத்து அந்தப் பக்கத்து கார்பனைல்லயும் அதே கூத்து. கடைசியில நாலு அணு வளையம் ஒண்ணு உருவாகி, உடைஞ்சு, ரெண்டு கார்பன் டை ஆக்ஸைடு ஆயிடும். அப்ப வர்ற எனர்ஜியைப் பக்கத்துல இருக்கிற சாயம் வாங்கி வெளிச்சமா விடும். டைஃபீனைல் ஆந்த்ரசீன்னா நீலம், ரூப்ரீன்னா மஞ்சள் கலந்த ஆரஞ்சு.

1960-கள்ல அமெரிக்காவின் பெல் லேப்ஸ்ல எட்வின் சாண்ட்ராஸ் இதை ஆரம்பிச்சு வெச்சது ஆக்ஸலைல் குளோரைடுல. வெளிச்சம் சுமார்தான். அமெரிக்கன் சயனமிட் கம்பெனியில மைக்கேல் ரௌஹட் டீம் ஃபீனைல் எஸ்டருக்கு மாறினாங்க. அந்த ஃபீனைல்ல குளோரினை ஏத்தினதும் வெளிச்சம் எகிறுச்சு. ஏன்? குளோரின் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். அதனால கழண்டு போற ஃபீனாக்ஸைடு நிம்மதியா நிற்கும். 'நல்ல லீவிங் குரூப் எது?'ங்கிற ரெண்டு மார்க் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த கைடுலயும் இல்லை. லைட்டை அணைச்சுட்டு, சாதா ஃபீனைல் எஸ்டர் ஒரு டெஸ்ட் ட்யூப்ல, குளோரின் போட்டது இன்னொண்ணுல. எது ஜெயிக்கும்னு கிளாஸே முன்கூட்டி பந்தயம் கட்டலாம்!

கெமிக்கல் வாங்க வழியில்லையா? ரெண்டு க்ளோ ஸ்டிக் போதும். ஒண்ணு ஐஸ் தண்ணியில, ஒண்ணு வெந்நீர்ல. வெந்நீர்க் குச்சி பளிச்னு எரிஞ்சு சீக்கிரம் செத்துடும். ஐஸ்ல இருக்கிறது மங்கலா ரொம்ப நேரம் ஓடும். அர்ஹீனியஸ் சமன்பாடு கையில!

இன்னொரு சுவாரஸ்யம். அந்த நாலு அணு வளையத்தை 60-கள்லயே போர்டுல வரைஞ்சுட்டாங்க. கார்பன்-13 என்.எம்.ஆர்.ல அது இருக்குன்னு காட்டினது 2004-ல்தான். அதுவரைக்கும் அதுவும் ஒரு யூகம்தான் பாஸ்!

குச்சியை மட்டும் அறுத்துப் பார்க்காதீங்க. உள்ளே கண்ணாடித் தூள். மத்த பரிசோதனை எல்லாம் லேப்ல, ஃப்யூம் ஹூட்ல, சார் பக்கத்துல இருக்கும்போது. ஹாஸ்டல் ரூம்ல வேணாம்!