கப்ருஸ்தானில் ஓர் இலந்தை மரம்

மஹல்லாவில் ஒரு மவுத்து நிகழ்ந்தால் கஃபன் துணி, கற்பூரம், அத்தர் ஆகியவற்றோடு இலந்தை இலையும் தேவைப்படுகிறது. நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களிடம் தண்ணீரோடு ஸித்ர் இலையைப் பயன்படுத்துமாறும் இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறும் அண்ணலார் பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அரபு மண்ணின் ஸித்ரும் நம் இலந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். எனவே நம் முன்னோர் தயக்கமின்றி வேலியோரத்து இலந்தையைப் பறித்துக்கொண்டனர்.

இன்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் குடும்பங்களில், அருகிலுள்ள இலந்தை மரம் எங்கே நிற்கிறது என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கி நீரில் கலந்துவிடுகிறோம். மார்க்கக் கடமை நிறைவேறிவிடுகிறது. ஆனால் அந்தப் பொடிப் பொட்டலம், நம் மண்ணிலிருந்து எது போய்விட்டது என்பதையும் சொல்கிறது.

நம் வட்டாரம் ஒரு காலத்தில் ஏரிகளும் முட்புதர்க் காடுகளுமாக இருந்த நிலம். திருமுல்லைவாயில், திருவேற்காடு என்னும் ஊர்ப்பெயர்களில் முல்லையும் காடும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, குடியிருப்புகள் பெருகின, 2019இல் ஆவடி மாநகராட்சியானது. அதே ஆண்டில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதையுடன் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. கூழைக்கடாக்கள் அங்கே வந்திறங்குவதைப் பார்க்கும்போது உள்ளம் குளிர்கிறது. எனினும் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்னும் புகார் ஓயவில்லை. நீர்நிலைகளிலும் பாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கிறோம். ஏரிக்குள் குழாய் விடும் வீட்டாரிடம் அதைச் சொல்வதற்கு மட்டும் நமக்கு நா எழுவதில்லை.

ஏரி அரசின் பொறுப்பு என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். கப்ருஸ்தான் யாருடைய பொறுப்பு? பள்ளிவாசல் வளாகமும் வக்ஃபு நிலமும் யாருடைய பொறுப்பு? நகரம் நெருக்கிக்கொண்டே வரும் இப்பகுதியில் விற்கவோ அடுக்குமாடி கட்டவோ கூடாத நிலம் என்று எஞ்சியிருப்பது மிகச் சிறிது. அதில் ஒரு பகுதி நம் ஜமாஅத்துகளின் கையில் இருக்கிறது. அந்த நிலத்தை நாட்டு மரங்களின் புகலிடமாக்க வேண்டும் என்பதே நாம் முன்வைக்கும் கருத்து.

இது புதிய சிந்தனை அன்று. இஸ்லாத்திற்கு முந்திய அரபுலகில் வலிமைமிக்க தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களைத் தமக்கென வளைத்து ‘ஹிமா’ என்று அறிவித்துக்கொண்டனர். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுரிமையை ஒழித்துப் பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா என்றாக்கினார்கள். மதீனாவின் இரு கருங்கல் பரப்புகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். வெட்டவெளியில் பயணிகளுக்கும் கால்நடைகளுக்கும் நிழல் தரும் இலந்தையை நியாயமின்றி வெட்டுவோரைப் பற்றிய கடும் எச்சரிக்கை அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது நட்டவருக்கு ஸதகா என்னும் நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அப்பறவைக்கு உணவு தராத மரத்தை நட்டால் என்ன செய்வது?

வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய சகோதரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே சாலையோரமெங்கும் சுவர்போல் கத்தரித்து வளர்க்கப்படும் கோனோகார்பஸ் இன மரங்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். வேகமாக வளரும், பச்சை மாறாது. ஆனால் வேர்கள் குழாய்களைத் துளைப்பதாக அங்கேயே குறை சொல்கிறார்கள். நம் நாட்டிலும் அது அழகுக்காக நடப்பட்டது. 2023இல் குஜராத் அரசு அதற்குத் தடை விதித்தது. அதே வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகம் தன் தேசிய மரமாகப் போற்றுவது ‘காஃப்’. அது வேறெதுவும் அன்று, நம்மூர் வன்னி! வன்னிக்கு நெருங்கிய உறவான சீமைக் கருவேலமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஏரிக்கரைகளை மூடிவிட்டது. அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையையே வெளியிட நேர்ந்தது. பராமரிப்பற்ற கப்ருஸ்தான்களில் முதலில் குடியேறுவதும் இந்தச் சீமைக் கருவேலந்தான்.

மரத்தின் வேர் கப்ருகளைக் கலைக்கும் என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். மரங்களைச் சுற்றுச்சுவரை ஒட்டியும் நடைபாதை ஓரத்திலும் நட்டால் போதும். கப்ருகளின் வரிசைக்கு நடுவே நடச் சொல்லவில்லை. உதிரும் சருகு குப்பையாகிறது என்று தரை முழுவதும் சிமெண்டுப் பலகை பாவுவதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. கப்ரின் மேல் முளைத்த பசும்புல்லைப் பிடுங்குவதைக்கூட ஹனஃபி ஃபிக்ஹ் அறிஞர்கள் மக்ரூஹ் என்றிருக்கிறார்கள். மேலும், 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, அழகுக்காக நட்ட அயல் மரங்கள் சாலையெங்கும் சாய்ந்து கிடந்ததை நாமே பார்த்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்றதும் பூட்டுப் போடுவதையே நாம் நினைக்கிறோம். உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாளரை நியமித்தபோது, சில ஆடுகளும் ஒட்டகங்களும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடுமாறும், செல்வந்தத் தோழர்களின் மந்தைகளை விலக்குமாறும் கட்டளையிட்டார்கள். அச்செல்வந்தர்களுக்கு வேறு வாழ்வாதாரம் உண்டு. ஏழையின் ஆடு செத்தால் அவன் குடும்பத்தோடு வந்து கையேந்துவான் என்பதே அவர்கள் கூறிய காரணம். கப்ருஸ்தான் மரத்தின் பழத்தைத் தெருப்பிள்ளைகள் பறிக்க வந்தால், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், காவலாளி கம்பை எடுக்கலாகாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜமாஅத் நிர்வாகிகள் கூடும்போது இதைப் பேசுபொருளாக்கலாம். மேற்குச் சுவரோரம் வேம்பும் வன்னியும், வாயிலருகே மகிழ மரம், எல்லையில் பனை, வேலியாக மருதாணி. இலந்தைக்கு மட்டும் தண்ணீர்க் குழாய்க்கு அருகில், மையித்தைக் குளிப்பாட்டும் இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இடம் ஒதுக்குங்கள். நாற்று கிடைக்காவிட்டால் பழம் வாங்கித் தின்றுவிட்டு, கொட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து ஊன்றினாலே முளைக்கும். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மதரஸா மாணவர்களிடம் விடலாம்; முள் குத்தும் என்று அவர்களின் தாய்மார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.