'டொய்ங்'னு சத்தம் வந்தா ஷாக் அப்சார்பரையே மாத்தணுமா?

கடுப்புல எழுதறேன். வார்த்தை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா மன்னிச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் தன்னோட பழைய காரை சர்வீஸுக்கு விட்டார். பிரச்சினை ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பினா முன்பக்கம் 'டொய்ங்'னு ஒரு சத்தம். அதுக்கு வந்த எஸ்டிமேட், முன்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் புதுசு. ஏன்னு கேட்டா, "வயசாயிடுச்சு சார்". எனக்கும்தான் வயசாகுது, அதுக்காக என்னையே மாத்திடுவீங்களா?

நம்ம ஊர்ல ஓடற சின்ன கார்கள்ல பெரும்பாலும், மாருதி 800 காலத்துலேர்ந்தே, முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோட சேர்ந்து ஷாக் அப்சார்பரும், அதைச் சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கும் திரும்பும். மேல இருக்கிற பாடி திரும்பாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வட்டமான பேரிங் உட்கார்ந்திருக்கு. தண்ணியும் மண்ணும் போய் கிரீஸ் காய்ஞ்சா அது இறுகிடும். ஸ்பிரிங் திரும்ப முடியாம முறுக்கிக்கிட்டு, ஒரு கட்டத்துல விடுபட்டுத் துள்ளும். அதுதான் அந்த 'டொய்ங்'. இதுல ஷாக் அப்சார்பர் என்ன பாவம் பண்ணுச்சு? அதுல ஆயில் கசியுதா, வண்டியை அமுக்கி விட்டா ரெண்டு மூணு தடவை ஆடுதா? ரெண்டும் இல்லைன்னா அதை ஏன் தூக்கிப் போடணும்? பேரிங் சில நூறு ரூபாய். முழு செட் பல ஆயிரம்.

"கழட்டற வேலை ஒண்ணுதானே, அப்படியே புதுசு போட்டுடலாம்"னு ஒரு வாதம் வரும். ஷாக் அப்சார்பர் நிஜமாவே செத்திருந்தா சரி. நல்லா இருக்கிறதைக் கழட்டிப் போட அது காரணம் ஆகாது.

அப்ப வீட்டுலயே மாத்தலாமா? மாத்தலாம். ஆனா இங்கதான் இன்னொரு கோஷ்டி மேலயும் எனக்குக் கோபம். "அட, நடுவுல இருக்கிற நட்டைக் கழட்டினா முடிஞ்சுது"ன்னு சொல்ற வீரர்கள். அந்த நட்டுதான் அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கு. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாம அதைக் கழட்டினா மேல்தட்டு முகத்துல வந்து அடிக்கும், உயிரே போகலாம். கயிறு, கம்பி, கிளாம்ப்னு குறுக்கு வழி எதுவும் வேணாம். கம்ப்ரெஸர் டூல்ஸ் கடையில கிடைக்குது. அது இல்லைன்னா ஸ்ட்ரட்டை மட்டும் இறக்கி, பேரிங்கோட ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட கொடுத்து மாத்தி வாங்கிக்கோங்க. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை.

செய்யறவங்களுக்கு: வண்டி ஜாக்கியில மட்டும் நிக்கக் கூடாது, கீழ ஸ்டாண்டு வேணும். சக்கரத்தைக் கழட்டி, பிரேக் ஹோஸையும் சென்சார் ஒயரையும் ஸ்ட்ரட்லேர்ந்து விடுவிச்சிடுங்க, இல்லைன்னா இழுபட்டு அறுந்துடும். கீழ ரெண்டு போல்ட்டு, பானட்டுக்குள்ள மேல் நட்டுகள். ஸ்ட்ரட் வெளிய வந்ததும் கம்ப்ரெஸர் கொக்கிகளை எதிரெதிரா மாட்டி, இந்தப் பக்கம் ரெண்டு சுத்து, அந்தப் பக்கம் ரெண்டு சுத்துன்னு சமமா இறுக்கணும். ஸ்பிரிங் தட்டுலேர்ந்து விட்டு லொடலொடன்னு ஆடின பிறகுதான் நடு நட்டு. அதுவரைக்கும் அதுல ஸ்பேனரே படக் கூடாது. திருப்பி மாட்டும்போது ஸ்பிரிங்கோட நுனி தட்டுல இருக்கிற படியில சரியா உட்காரணும். எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகணும், அந்தக் காசை மிச்சம் பிடிச்சா டயர் தேயும்.

அண்ணன் வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாத்தி முடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. மதிய சாப்பாடு நாலு மணிக்குத்தான். பழைய பேரிங்கை விரல்ல மாட்டிச் சுத்திப் பார்த்தேன், அரைச் சுத்து கூட வரலை, உள்ள செம்மண் சேறு காய்ஞ்சு கிடந்துச்சு. ஷாக் அப்சார்பர் கம்பியை அமுக்கி விட்டா வழவழன்னு மெதுவா எழும்பி வந்துச்சு, ஒரு சொட்டு ஆயில் கசிவு இல்லை. இதைத்தான் மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க.