பந்து ஆட 120 ரூபாயா? மைதானத்துக்கு மாநகராட்சி காசு ஒதுக்குவது எப்படி?

(நமது நிருபர்)

சென்னை:

தெருவில் பந்து ஆடினால் ஜன்னல் கண்ணாடி போகுது என்று விரட்டுகிறோம். "மைதானத்துக்குப் போங்கடா" என்கிறோம். அங்கேயும் காசு கேட்டால் பசங்க எங்கேதான் போவது?

கேட்கத்தான் பார்த்தார்கள். 2024 அக்டோபர் கடைசி. தீபாவளி நெருங்கிய நேரம். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தனியாரிடம் விடுவது என்று முடிவு. ஆட வருகிறவர்களுக்குக் கட்டணம்: தலைக்கு, மணிக்கு 120 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் தினமும் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 3,600 ரூபாய். வீட்டில் இரண்டு பையன்கள் என்றால் 7,200. குடித்தனக்காரன் வாடகை கட்டுவானா, பந்துக்குக் கட்டுவானா?

எதிர்ப்பு கிளம்பியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியான மார்க்சிஸ்ட் உட்படப் பலரும் கண்டித்தார்கள். ஓரிரு நாளிலேயே முடிவு வாபஸ்!

நல்லது. ஆனால் மாநகராட்சி ஏன் அந்த இடத்துக்குப் போனது? அதைப் பார்க்காவிட்டால் நாளைக்கு வேறு உருவத்தில் அதே கட்டணம் வந்து நிற்கும்.

கடமை உண்டு, கட்டாயம் இல்லை

1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் எல்லாம் அதில் இருக்கிறது. குடிநீர், சாலை, குப்பை இவையும் அதே பட்டியலில்தான்.

சிக்கல் அங்கேதான். குப்பை இரண்டு நாள் அள்ளாவிட்டால் தெருவே நாறும். குழாயில் தண்ணி வராவிட்டால் குடத்தோடு மறியல் நடக்கும். மைதானம் பாழானால் யார் மறியல் செய்கிறார்கள்? அதனால் பணம் பங்கு போடும்போது மைதானம் எப்போதும் வரிசையின் கடைசியில்.

ஃபைல் போகும் வழி

ஒரு வார்டில் மைதானம் சீரமைக்க வேண்டும் என்றால் பொதுவாக நடப்பது இது. கவுன்சிலர் கோரிக்கை வைக்கிறார். மண்டலப் பொறியாளர் எஸ்டிமேட் போடுகிறார். சிறிய தொகை என்றால் அதிகாரிகள் மட்டத்திலேயே ஒப்புதல். பெரிய தொகை என்றால் ரிப்பன் மாளிகைக்குப் போய், மன்றத்தில் தீர்மானமாகி, அப்புறம் டெண்டர்.

இன்னொரு வழி, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி. 2025-26 பட்ஜெட்டில் இது 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 200 வார்டுகளுக்கும் சேர்த்தால் 120 கோடி. கேட்க பெரிசாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வார்டுக்கு வரும் 60 லட்சத்தில் தெரு போடணும், விளக்கு போடணும், மழைநீர் போக வழி பண்ணணும். மிச்சம் இருந்தால் தான் சறுக்கு மரமும் ஊஞ்சலும்!

கட்ட காசு, காக்க?

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். புதுசாகக் கட்ட எப்படியாவது பணம் வந்துவிடுகிறது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, போட்டோ உண்டு. கட்டிய பிறகு கிழிந்த வலையை மாற்றவும், விளக்கின் கரண்ட் பில் கட்டவும், காவலாளிக்கு மாசச் சம்பளம் கொடுக்கவும், பயிற்சியாளர் வைக்கவும் வருஷா வருஷம் பணம் வேண்டும். அதற்குக் கல்வெட்டு கிடையாது!

செயற்கைப் புல் என்றால் செலவு இன்னும் கூட. போட்டதோடு விட்டால் தேயும், கிழியும். "பராமரிக்க முடியவில்லை, தனியாரைக் கூப்பிடு" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. தனியார் சும்மா வருவாரா? கட்டணம் கேட்பார்.

நாம் ஏற்கெனவே கட்டுகிறோம். 2022-ல் சொத்து வரி உயர்த்தப்பட்டதை வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்பவர் அதை வாடகையில் கட்டுகிறார். அப்புறம் வாசலில் வேறு டிக்கெட்டா?

எப்போது கேட்பது?

கதவு பூட்டிய பிறகு கத்தி என்ன பயன்? எஸ்டிமேட் போடும்போதே கேட்கணும். அதற்கு இடமும் உண்டு. வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க 2022-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின. அங்கே ரோடு, சாக்கடை கேட்கிறோம். மைதானத்தையும் கேட்போம். மூன்றே கேள்வி போதும்:

இந்த மைதானத்துக்கு இந்த வருஷப் பராமரிப்புப் பணம் எவ்வளவு? அதை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்? கட்டணம் வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்வீர்களா?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். அப்பா ஆட்டோ டிரைவர். மணிக்கு 120 ரூபாய் என்று வாசலில் எழுதியிருந்தால், அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்?

அடுத்த பட்ஜெட் புத்தகம் வரும்போது, புது மைதானம் எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள். பழைய மைதானத்துக்கு எவ்வளவு என்றும் பாருங்கள்!